தாளைத் திருப்பித் தடவிப் பார்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் அக்காவைக் கட்டிய பாவி ஆசியுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும், தங்கள் அக்காவும், மகளும், மாப்பிள்ளையும், முன்னறையில் நிற்கும் டிரெடில் அச்சு மெஷினும் பூரண சுகம். அங்கு தாங்களும், தங்கள் மகன் வீட்டாரும், தங்கள் தொப்பையும் அவ்வாறே இருக்க விழைகிறேன். நிற்க. வருகிற வெள்ளிக்கிழமை தாங்கள் புறப்பட்டு வருவதாக என் மகளிடம் போனில் சொன்னதாகக் கேள்வி. பெட்டி கட்டியிருந்தால் தயவுசெய்து அவிழ்க்கவும். கட்டவில்லை என்றால் அப்படியே இருக்கவும். தாங்கள் வரத் தேவையில்லை. நான் ஜெயித்துவிட்டேன்.

எடுத்த எடுப்பிலேயே இப்படியா என்று நீ முகத்தைச் சுளிப்பாய். (பார், இரண்டாவது பத்தியிலேயே 'தாங்கள்' போய் 'நீ' வந்துவிட்டது. மரியாதையாக ஆரம்பியுங்கள் என்று உன் அக்கா சொன்னதால் ஆரம்பித்தேன். அதற்கு மேல் இழுக்க என்னால் முடியவில்லை.) இதைப் போனிலேயே சொல்லக்கூடாதா என்றும் அவள் கேட்டாள். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ ஒன்பது வார்த்தை சொல்வாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. முழுவதையும் வாயைப் பொத்திக்கொண்டு படித்தாக வேண்டும். அந்தச் சந்தோஷத்துக்காகவே மேஜை விரிப்பைத் தட்டிப் போட்டு, புதுப் பேனா வாங்கி, நிமிர்ந்து உட்கார்ந்து எழுதுகிறேன். கூரியரில் அனுப்புகிறேன், நாளைக்கே உன் கையில் இருக்கும்.

முதலில் பழைய கதை. உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் மறந்துபோனது மாதிரி நடிப்பாய். தவிர, உன் மகனும் பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்ப்பான், அவனுக்கும் உண்மை தெரியட்டும். நாம் இருவரும் ஒரே அச்சகத்தில், இதே மெஷினில், காலையில் நானும் மதியத்துக்கு மேல் நீயுமாக நின்று மிதித்தவர்கள். மெஷினுக்கு ஒரு பெரிய வாய். ஒரு தாடையில் இரும்புச் சட்டத்துக்குள் ஈய எழுத்துகள், இன்னொரு தாடையில் தாள். காலால் மிதித்தால் பக்கத்தில் சக்கரம் சுற்றும், வாய் மூடித் திறக்கும், தாளில் எழுத்து விழுந்திருக்கும். முதலாளி மெல்ல நடந்து வந்து, அச்சான தாளில் ஒன்றை உருவுவார். முன்பக்கத்தைப் படிக்கவே மாட்டார். அதில் யாருக்குக் கல்யாணமானால் அவருக்கென்ன? தாளைத் திருப்பி, பின்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவுவார். நான் அடித்த தாள் என்றால் விரல் வழுக்கிக்கொண்டு போகும். எழுத்து தாளைத் தொட்டதா தொடவில்லையா என்றே தெரியாது, மை மட்டும் வந்து உட்கார்ந்திருக்கும். நீ அடித்த தாள் என்றால் விரல் தடுக்கித் தடுக்கிப் போகும். அம்மை போட்ட முதுகு மாதிரி பின்பக்கம் முழுக்க எழுத்துகள் புடைத்துக்கொண்டு நிற்கும். "ஏன்டா, இந்தப் பக்கத்தை இப்படிக் குத்தி வச்சா அந்தப் பக்கத்தை எங்க அச்சடிக்கிறது, உன் முதுகிலயா?" என்று கத்துவார். ஈயம் மெத்தென்ற உலோகம், ஓங்கி அழுத்தினால் முனை மழுங்கிப் போகும் என்று எத்தனை முறை சொல்லியிருப்பார்! நீ காதில் போட்டுக்கொண்டாயா? ரசீதுப் புத்தகம் ஒன்றை நீ அடித்தபோது சுழி வரும் இடமெல்லாம் தாள் வட்டம் வட்டமாக வெட்டுப்பட்டுத் தரையில் உதிர்ந்து கிடந்ததே, அதை நானா மறப்பேன்? அச்சகம் முழுக்க என்னை மயிலிறகு என்று கூப்பிட்டார்கள். உன்னை உழவன் என்று கூப்பிட்டார்கள். பெயர் வைத்தது நான் அல்ல.

உலகம் தலைகீழாகப் போகும் என்பார்களே, அது எங்கள் வீட்டு முன்னறையில்தான் ஆரம்பித்தது. மகள் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு, மூடிய அச்சகத்தின் வாசலில் பழைய இரும்பு வியாபாரி லாரியோடு வந்து நின்ற நேரத்தில் முந்திக்கொண்டு போய் நம் மெஷினை வாங்கி வந்ததும், எழுத்துப் பெட்டிகளோடு அதை முன்னறையில் இறக்கியதும், சோபா படுக்கையறைக்குக் குடிபோனதும் உனக்குத் தெரியும். அவளிடம் வேலை கொடுக்க வருகிறவர்கள் யாரும் எழுத்தைப் பார்ப்பதே இல்லை, மச்சான். தடவுகிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு தடவுகிறார்கள். எழுத்து தாளுக்குள் புதைந்து கிடக்க வேண்டுமாம், விரல் வைத்தால் குழிக்குள் இறங்கி ஏற வேண்டுமாம். "அதுக்குத்தாம்ப்பா நம்மகிட்ட வர்றாங்க. வழவழன்னு வேணும்னா அவங்க வீட்லயே பிரின்டர் இருக்கே" என்றாள் மகள். "குழி வேணும்னா மண்வெட்டி வாங்கச் சொல்லு" என்றேன் நான். அதாவது, எந்தக் குற்றத்துக்காக முதலாளி உன்னைத் தினமும் வறுத்தெடுத்தாரோ, அதே குற்றத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போக இன்றைக்கு வாசலில் வந்து நிற்கிறார்கள். நீ அவசரப்பட்டு முன்னாலேயே பிறந்துவிட்டாய், அவ்வளவுதான். இந்த இடத்தில் நீ பூரித்துப் போய் உன் மகனைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துவாய். கொஞ்சம் பொறு.

ஆர்க்கிடெக்ட் அம்மா ஒருவர் வந்தார். புதிதாக அலுவலகம் திறக்கிறார், அதற்கு அழைப்பிதழ் வேண்டும். கட்டடம் கட்டுகிறவர் அல்லவா, எதைப் பார்த்தாலும் தட்டிப் பார்க்கிறார். சுவரைத் தட்டினார், மேஜையைத் தட்டினார், மெஷினைத் தட்டினார், விட்டால் என்னையும் தட்டியிருப்பார். தாளை அவரே கொண்டுவந்தார். பஞ்சில் செய்த தாள். தாளா அது, கதவு! கீல் மாட்டினால் திறந்து மூடலாம். அவர் போனதும் மகள் என் எதிரில் வந்து நின்றாள். "அப்பா, இந்த ஒரு வேலை நல்லா வந்துட்டா இவங்களைப் பார்த்து இன்னும் நாலு பேர் வருவாங்க. வரலைன்னா கடையை மூடிட்டு நான் பழையபடி ஆபீசுக்குப் போக வேண்டியதுதான். உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன், அழுத்துங்க" என்றாள். நான் தலையை ஆட்டினேன். தலை ஆடியதே தவிர, கை கேட்கவில்லை. மெஷின் முன்னால் நின்றதும், தாளுக்கு அடியில் மெத்தையாக வைத்திருந்த காகிதங்களில் ஒன்றைக் கை தானாக உருவிப் போட்டது. பிறகு இன்னொன்றையும் உருவியது. மாதிரிக்கு ஓர் அழைப்பிதழ் அடித்தேன். நம் முதலாளி இருந்திருந்தால் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பார். ஆர்க்கிடெக்ட் அம்மா வந்தார், கண்ணை மூடினார், தடவினார், கண்ணைத் திறந்தார். "அழகா இருக்கு சார். ஆனா கம்ப்யூட்டர்ல எடுத்த மாதிரி இருக்கே" என்றார்.

மச்சான், எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார். முகத்தில் ஈயாடவில்லை. கம்ப்யூட்டர்! இந்தக் கையைப் பார்த்து!

அவரை வழியனுப்பிவிட்டு மகள் உள்ளே வந்தாள். நேரே மெஷினிடம் போனாள். அடியில் காகிதத்தை ஒன்று வைத்தாள், இரண்டு வைத்தாள், கையில் கிடைத்த காலண்டர் அட்டையையும் மடித்துச் செருகினாள். "வேண்டாம்மா, வயித்துவலி வந்துடும்" என்றேன். "யாருக்கு?" என்றாள். "மெஷினுக்கு" என்றேன். காதில் வாங்காமல் மிதித்தாள். சக்கரம் சுற்றியது, மெஷினின் வாய் மூடியது, மூடியது மூடியதுதான். எலும்பைக் கவ்விய நாய் மாதிரி பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. மிதிபலகை மேல் ஏறியே நின்று பார்த்தாள், அசையவில்லை. மாப்பிள்ளையைக் கூப்பிட்டாள். வீட்டிலிருந்தே ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தவர், காதில் மாட்டிய கருவியோடு ஓடி வந்து, இரண்டு கையாலும் சக்கரத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே, "ஆமா சார், எல்லாம் ஸ்மூத்தா போயிட்டிருக்கு" என்று அந்தப் பக்கம் யாருக்கோ சொன்னார். கடைசியில் உன் அக்கா சமையலறையிலிருந்து வந்தாள். யாரையும் எதுவும் கேட்கவில்லை. சக்கரத்தைப் பின்பக்கமாக ஒரு தள்ளு தள்ளினாள். படாரென்று வாய் திறந்தது. திறந்த அதிர்ச்சியில் சட்டம் தளர்ந்து, அழைப்பிதழ் மொத்தமும் ஈய எழுத்தாகத் தரையில் கொட்டியது. அந்தப் பக்கம் என்ன சத்தம் என்று கேட்டிருக்கிறார்கள். "ஒண்ணுமில்ல சார், வீட்ல கொஞ்சம் எழுத்து வேலை" என்றார் மாப்பிள்ளை.

எல்லோரும் தரையில் தவழ்ந்தோம். செருப்புக்குள் எழுத்து, மிதியடிக்கு அடியில் எழுத்து, ஜன்னல் கம்பி இடுக்கில் ஓர் ஒற்றைக் கொம்பு. மாப்பிள்ளை மிகவும் நல்லவர், பொறுக்கிய அத்தனை எழுத்தையும் துடைத்து, வரிசையாக அடுக்கி, எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு வைத்தார். எந்த எழுத்துக்கு எந்த அறை என்று அவருக்கு யார் சொன்னது? பாதி எழுத்துகள் முகம் நசுங்கிக் கிடந்தன. மகள் அதில் ஒன்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. ஈயத்துக்காக வந்ததா அவளுக்காக வந்ததா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. முதல் மாதிரியிலேயே அவள் சொன்னபடி அழுத்தியிருந்தால் அவள் ஏன் அந்த மெஷினில் ஏறி நிற்கப்போகிறாள்? அப்புறம் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் சொன்னாள். "மாமாவுக்குப் போன் பண்ணிட்டேன்ப்பா. வெள்ளிக்கிழமை வர்றார். அவர் அழுத்துவார்."

என் வீட்டில், என் மெஷின் முன்னால், நீ! நான் ஓரமாக நின்று உனக்குத் தாள் எடுத்துக் கொடுப்பதா? அதைவிட நான் மாப்பிள்ளையின் மீட்டிங்கில் போய் உட்காரலாம். பாதியில் எழுந்து கை கழுவினேன். ஈரக் கையோடு முன்னறைக்கு வந்து, அந்தக் கதவுத் தாளில் ஒன்றை வெறுப்போடு எடுத்தேன். எடுத்த இடத்தில் என் கட்டைவிரல் அப்படியே குழிந்து பதிந்திருந்தது. ரேகை உட்படத் தெரிந்தது. எனக்குப் பொறி தட்டியது. முதலாளியின் அப்பா காலத்தில், கைமெஷினில் அச்சடிக்கும்போது, முதல் நாளே தாளை ஈரமாக்கி வைப்பார்களாம் என்று முதலாளி சொல்லியிருக்கிறார். நீ அப்போது டீ குடிக்கப் போயிருப்பாய். ஈரத் தாள் இளகிக் கொடுக்கும், எழுத்து நோகாமல் உள்ளே இறங்கும். அதோடு, அடியில் மெத்தையாகக் காகிதம் வைக்காமல் வழுவழுப்பான தகடு ஒன்றை வைத்துவிட்டால் குழி முன்பக்கத்தோடு நின்றுவிடும், பின்பக்கத்துக்கு எட்டாது. முன்பக்கம் அவர்கள் கேட்டபடி, பின்பக்கம் என் மனசுப்படி. ஒரு கை பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

எவ்வளவு ஈரம் என்று முதலாளி சொல்லவில்லை, அதுதான் வினை. குளியலறை வாளியில் தண்ணீர் பிடித்து ஒரு கட்டுத் தாளை முக்கினேன். கதவாக உள்ளே போனது களியாக வெளியே வந்தது. ஒட்டியதைப் பிய்த்துப் பிய்த்துப் பிரித்து, மொட்டைமாடிக் கொடியில் துணிக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன். உன் அக்காவின் துணிகளை ஓரம் தள்ளித்தான் தொங்கவிட்டேன், அதற்கான வசவு தனி. மதியம் ஒரு காற்று வந்தது பார், கிளிப் மட்டும் கொடியில் நின்றது. கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டு வக்கீல் கை நிறையத் தாளோடு வந்து வாசலில் நின்றார். "சார், என் மேல ஏதாவது வருத்தம்னா எழுதிப் போடுங்க. இப்படி வெள்ளைத் தாளா வீசினா நான் அதுக்கு என்னன்னு பதில் போடறது?" என்றார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் பாதி கேட்டு, மீதியைக் கேட்க நேரமில்லை என்று சொல்லிவிட்டு, வேகமாக நடந்து போய்த் தன் வீட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

மாடியில் மிச்சமிருந்த தாள்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது மகள் வந்துவிட்டாள். வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவள் ஒரு தாளை எடுத்தாள், நகத்தால் அழுத்தினாள், திருப்பினாள், மறுபடி அழுத்தினாள். "அப்பா, இது இறங்குது" என்றாள். அந்த நிமிஷமே என் கட்சிக்கு வந்துவிட்டாள். முக்கக்கூடாது, ஈரத் துணிக்கு நடுவில் ஒவ்வொன்றாக அடுக்க வேண்டும் என்றாள். நாளைக்குள் காயவும் கூடாது, பூஞ்சை பிடிக்கவும் கூடாது, ஆகையால் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும் என்றாள். உன் அக்காவின் காய்கறிகள் எல்லாம் நாடு கடத்தப்பட்டன. தாள் நெளியாமல் இருக்க மேலே கனம் வேண்டுமே, அதற்கு மாப்பிள்ளையின் உடற்பயிற்சிக் குண்டுகளை வைத்தோம். டாக்டர் சொன்னார் என்று வாங்கிக் கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்ட குண்டுகள், அன்றுதான் முதல்முதலாக உழைத்தன. ஃபிரிட்ஜின் கண்ணாடித் தட்டு முனகியது, உன் அக்காவும் முனகினாள். தண்ணீர் குடிக்க வந்த மாப்பிள்ளை ஃபிரிட்ஜைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே வெள்ளைத் துணி சுற்றிய மூட்டை, மேலே அவருடைய குண்டுகள். "அத்தை, இது என்ன?" என்றார். "உங்க மாமனாரோட கௌரவம். கெட்டுப்போகாம இருக்க உள்ள வச்சிருக்கோம்" என்றாள் உன் அக்கா.

மறுநாள் காலை. நல்ல எழுத்தாகத் தேடிப் பொறுக்கி மறுபடி அச்சுக் கோத்தேன். சட்டத்தை முறுக்கி, ஒரு மூலையை உயர்த்தித் தட்டிப் பார்த்தேன், ஓர் எழுத்தும் ஆடவில்லை. மையைக் கொஞ்சமாகத் தடவினேன். குழி ஆழமாக ஆழமாக மை குறைய வேண்டும், இல்லாவிட்டால் ஓரத்தில் பிதுங்கிக்கொண்டு நிற்கும். இதையும் குறித்துக்கொள். அடியில் தகட்டை வைத்தேன். மகள் தாள் வாங்க ஒரு பக்கம், உன் அக்கா இன்னொரு பக்கம், நடுவில் நான். சக்கரம் சுற்றியது பார், அப்படிச் சுற்றியது! எங்கேயும் திணறவில்லை. மெஷின் வாயை மூடியது, ஒரு மூச்சு நேரம் பிடித்தது, திறந்தது. முதல் தாளை எடுத்து நான் முன்பக்கத்தைப் பார்க்கவில்லை. திருப்பினேன். கட்டைவிரலை வைத்து இழுத்தேன். வழவழவென்று, கண்ணாடியில் இழுத்த மாதிரி ஓடியது. அப்புறம்தான் முன்பக்கம். ஒவ்வோர் எழுத்தும் உள்ளே இறங்கி, விளிம்பு கூர்மையாக, உளியால் வெட்டியது மாதிரி நின்றது. சொன்னால் சிரிப்பாய், நானும் கண்ணை மூடிக்கொண்டு தடவினேன். இன்னொரு முறையும் தடவினேன். மச்சான், ஊரார் ஏன் தடவுகிறார்கள் என்று புரிந்தது. நன்றாகத்தான் இருக்கிறது.

நேற்று ஆர்க்கிடெக்ட் அம்மா வந்தார். மகள் தாளை நீட்டினாள். அந்த அம்மா கண்ணை மூடினார், தடவினார், கண்ணைத் திறக்கவே இல்லை. நாங்கள் நாலு பேரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். மாப்பிள்ளை மீட்டிங்கை அணைத்துவிட்டு வந்து நின்றார், அதை நீ நம்ப வேண்டும். "கல்வெட்டு மாதிரி இருக்கு" என்றார் அந்த அம்மா, கண்ணை மூடியபடியே. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இப்பத் திருப்பிப் பாருங்கம்மா" என்றேன். திருப்பினார், தடவினார், கண் தானாகத் திறந்தது. "பின்னால ஒண்ணுமே இல்லையே! இவ்வளவு ஆழத்துக்கு இறங்கியிருக்கு, எப்படி சார்?" என்றார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தேன். இந்தக் கேள்விக்காகத்தானே இத்தனை வருஷம் காத்திருந்தேன், அவசரப்பட்டுப் பதில் சொல்லிக் கெடுத்துக்கொள்வேனா? அலுவலகத்துக்கு வேண்டிய தாள், உறை, விசிட்டிங் கார்டு எல்லாம் எங்களிடமே என்று சொல்லிவிட்டார். அவருடைய சிநேகிதிகளுக்கும் சொல்கிறாராம். போகும்போது மெஷினை மறுபடி தட்டினார், இந்த முறை மெதுவாக, குதிரையைத் தட்டிக்கொடுப்பது மாதிரி. அவர் தலை மறைந்ததும் மகள் என்னைக் கட்டிக்கொண்டு, "நான் ஆபீசுக்குப் போக வேண்டாம்ப்பா" என்றாள். எனக்கு இதைவிட வேறென்ன வேண்டும் சொல்?

ஆகவே மச்சான், நீ வர வேண்டாம். கோபமாகச் சொல்லவில்லை, ஜெயித்தவன் பெருந்தன்மையோடு சொல்கிறேன். உன் தப்பை உன்னைவிட நன்றாகச் செய்ய எனக்கு வந்துவிட்டது. நீ அழுத்தினால் இரண்டு பக்கமும் காயம்படும். நான் அழுத்தினால் ஒரு பக்கம் கல்வெட்டு, மறுபக்கம் பட்டு. இனி உழவனும் நானே, மயிலிறகும் நானே. இத்துடன் அழைப்பிதழ் ஒன்றை வைத்திருக்கிறேன். உன் மகனிடம் கொடுத்து முன்பக்கத்தைத் தடவச் சொல். அப்புறம் நீ வாங்கித் தாளைத் திருப்பித் தடவிப் பார். விரல் எங்கேயாவது தடுக்கினால் நான் இந்த மெஷின் பக்கமே போகவில்லை, சரியா?

உன் மகனுக்கும் மருமகளுக்கும் என் மனமார்ந்த ஆசிகள். குழந்தைகள் நன்றாகப் படிக்கட்டும். நீ நெடுநாள் நல்ல உடம்போடும், தீராத வயிற்றெரிச்சலோடும் இருக்க வேண்டும் என்று வாழ்த்தி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அன்பு அத்தான்,
மயிலிறகு (இன்றும்)

பின்குறிப்பு (இது அக்கா எழுதுவது): தம்பி, அழைப்பிதழ் கிடக்கட்டும். முதலில் உன் அத்தான் எழுதிய இந்தக் கடிதத் தாளைத் திருப்பித் தடவிப் பார். பேனாவைப் போட்டு அழுத்திய அழுத்தில் ஒவ்வொரு வரியும் பின்னால் புடைத்துக்கொண்டு நிற்கிறது. பின்பக்கத்தில் எழுத முடியாமல்தான் ஒற்றைப் பக்கமாக எழுதிக் கட்டுக் கட்டாக அனுப்புகிறார். என் மேஜை விரிப்பில்கூட உன்னைத் திட்டிய இடமெல்லாம் பதிந்திருக்கிறது, துவைத்தாலும் போகாது போலிருக்கிறது. அடுத்து, சக்கரம் சுற்றியது, சுற்றியது என்று எழுதியிருக்கிறாரே, அது தானாகச் சுற்றவில்லை. முதல் மிதியிலேயே அவர் கால் பாதியில் நின்றுவிட்டது. திரும்பத் திரும்ப மிதித்துப் பார்த்தார், முடியவில்லை, முகம் சிவந்துபோனது. "நகருங்க" என்று சொல்லிவிட்டு நான் ஏறி மிதித்தேன். கடைசித் தாள் வரைக்கும் நான்தான் மிதித்தேன். பின்பக்கத்தை வழவழவென்று காப்பாற்றியது அவர் கை, அதை மறுக்க மாட்டேன். குழி நம் பிறந்த வீட்டுக் கால் போட்ட குழி. மெஷின் உன்னையும் என்னையும் விட்டால் வேறு யார் காலுக்கு அடங்கும்? இதை அவரிடம் சொல்லிக் காட்டாதே, பாவம், நேற்றிலிருந்து அவர் நடையே மாறியிருக்கிறது. ஆனால் ஆர்க்கிடெக்ட் அம்மா கொடுத்திருக்கும் வேலை மலை மாதிரி இருக்கிறது, என் முழங்கால் இப்போதே மாடிப்படியைப் பார்த்தாலே முனக ஆரம்பித்துவிட்டது. ஆகையால் பெட்டியை அவிழ்க்காதே, வெள்ளிக்கிழமை கட்டாயம் வந்துவிடு. நீ வந்தால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று தயங்காதே. கடிதத்தை ஒட்டி அனுப்பச் சொல்லி என்னிடம் கொடுத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போயிருக்கிறார். நீ வந்தால் படுப்பதற்கென்று வைத்திருக்கும் மெத்தையை வெயிலில் போட்டுத் தட்டிக்கொண்டிருக்கிறார். சத்தம் இங்கே வரைக்கும் கேட்கிறது.